ஓரக்குறிப்பில் அடித்த பெயர்கள்

என்னிடம் உள்ள பழைய வேதாகமத்தில், இறுதிக்கால மிருகத்தையும் அதன் முத்திரையையும் பற்றிப் பேசும் வெளிப்படுத்தின விசேஷம் 13ஆம் அதிகாரத்தின் ஓரத்தில், பென்சிலால் எழுதிப் பின்னர் அடித்த மூன்று குறிப்புகள் இருக்கின்றன. முதலாவது, நான் பள்ளியில் படித்த காலத்தில் செய்திகளில் ஓயாமல் அடிபட்ட ஓர் உலகத் தலைவரின் பெயர். அதன் மேல் கோடு இழுத்துவிட்டு, கீழே 'பார்கோடு' என்று எழுதியிருக்கிறேன். அதையும் அடித்துவிட்டு, சில ஆண்டுகள் கழித்து வேறொரு பென்சிலால் 'சிப்' என்று எழுதியிருக்கிறேன். மூன்றும் என் கையெழுத்துதான். பத்துக் கொம்புள்ள மிருகம் வரும் தானியேல் 7ஆம் அதிகாரத்தின் ஓரத்தில் '10 கொம்பு = 10 நாடு' என்று இன்னொரு குறிப்பு இருக்கிறது. ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்தில் 1981இல் கிரேக்கம் சேர்ந்தபோது உறுப்பு நாடுகள் பத்தாயின. தீர்க்கதரிசனம் நிறைவேறிவிட்டது என்று பல மேடைகளில் அறிவிக்கப்பட்டது. 1986இல் ஸ்பெயினும் போர்ச்சுகலும் சேர்ந்து பன்னிரண்டாயின. எனக்கு இதைச் சொல்லித்தந்த போதகர், கொம்புகள் அந்தக் கூட்டத்தின் முக்கியமான பத்து நாடுகளை மட்டுமே குறிக்கும் என்று, முகத்தில் சிறு சலனமும் இல்லாமல், திருத்திச் சொன்னார்.

தவறிப்போன ஊகங்களைவிட, அந்த ஊகங்களுக்கு நாங்கள் சூட்டியிருந்த பெயர்தான் பிற்காலத்தில் என்னை அதிகம் உறுத்தியது. இந்த முறைக்கு 'எழுத்தின்படி பொருள் கொள்ளுதல்' என்று பெயர். மற்ற சபையார் வேதத்தை ஆவிக்குரிய அர்த்தம் என்று சொல்லி நீர்த்துப்போகச் செய்கிறார்கள். நாமோ எழுதியிருக்கிறபடியே நம்புகிறோம் என்பதுதான் எங்கள் பெருமை. ஆனால் எழுதியிருப்பது 'கொம்பு' அல்லவா? கொம்பை நாடு என்று வாசிப்பது எந்த எழுத்தின்படி? இந்தக் கேள்வி எனக்குத் தோன்றப் பல ஆண்டுகள் ஆயின. தோன்றிய பிறகு, தீர்க்கதரிசனத்தை எழுத்தின்படி வாசிப்பதா, அடையாளமாக வாசிப்பதா என்று கிறிஸ்தவ உலகத்தில் இரண்டாயிரம் ஆண்டுகளாக நடந்துவரும் ஒரு பழைய வழக்கின் நடுவில் நான் நிற்கிறேன் என்பது மெல்ல மெல்லப் புரிந்தது.

எழுத்தின்படி வாசிப்பவர்களை அலட்சியமாகத் தள்ளிவிட முடியாது. அவர்கள் தரப்பில் வலுவான நியாயம் ஒன்று இருக்கிறது. மேசியாவின் முதலாம் வருகையைக் குறித்த தீர்க்கதரிசனங்கள் எப்படி நிறைவேறின என்று பாருங்கள் என்பார்கள். மீகா பெத்லெகேம் என்றார். சுவிசேஷங்களின் சாட்சிப்படி குழந்தை பெத்லெகேமிலேயே பிறந்தது. சகரியா 9:9 ராஜா கழுதையின்மேல் ஏறி வருவார் என்றது; இயேசு உண்மையாகவே ஒரு கழுதையை அவிழ்த்துக் கொண்டுவரச் சொன்னார். அதே சகரியாவில் வரும் முப்பது வெள்ளிக்காசு, சரியாக முப்பது வெள்ளிக்காசாகவே யூதாஸின் கைக்கு வந்தது. முதலாம் வருகை இவ்வளவு நேராக நிறைவேறியிருக்கும்போது, இரண்டாம் வருகையைக் குறித்தவற்றை மட்டும் ஏன் உருவகமாக்க வேண்டும்? நேர்மையான கேள்வி இது. இதற்குப் பதில் சொல்லாமல் 'எல்லாம் அடையாளம்தான்' என்று கையை வீசிவிடுகிறவர்களோடு எனக்கும் உடன்பாடு இல்லை.

ஆனால் அதே முதலாம் வருகையின் வாசலில் எலியா நிற்கிறார். கர்த்தருடைய பயங்கரமான நாள் வருவதற்கு முன்னே எலியா தீர்க்கதரிசியை அனுப்புவேன் என்று மல்கியா 4:5 சொல்கிறது. எலியா சாகாமல் பரலோகத்துக்கு எடுத்துக்கொள்ளப்பட்டவர் என்பதால், அவரே திரும்பி வருவார் என்று எதிர்பார்க்க யூதர்களுக்கு எல்லாக் காரணமும் இருந்தது. யோவான் ஸ்நானகனிடம் ஆள் அனுப்பி, நீர் எலியாவா என்று கேட்டார்கள். 'நான் அவன் அல்ல' என்று அவர் பதில் சொன்னதாக யோவான் சுவிசேஷத்தின் முதலாம் அதிகாரம் பதிவு செய்கிறது. மத்தேயு 11ஆம் அதிகாரத்திலோ, ஏற்றுக்கொள்ள மனதிருந்தால், வருகிறவனாகிய எலியா இவன்தான் என்று இயேசு சொல்கிறார். இரண்டும் உண்மையாக இருக்க வேண்டுமானால், ஆள் என்ற முறையில் யோவான் எலியா அல்லர். தீர்க்கதரிசனத்தின் பொருள் என்ற முறையில் அவரே எலியா. கழுதை கழுதையாகவே வந்தது. எலியாவோ வேறொருவராக வந்தார். ஒரே தலைமுறையில், ஒரே மேசியாவைச் சுற்றி, இரண்டு விதமாகவும் தீர்க்கதரிசனம் நிறைவேறியிருக்கிறது. ஆகவே முதலாம் வருகையைக் காட்டி, இரண்டாம் வருகைக்கு ஒரே விதியை நிலைநாட்ட முயல்வது எடுபடாது.

இனி வெளிப்படுத்தின விசேஷத்துக்குள் வருகிறேன். தன்னை எப்படி வாசிக்க வேண்டும் என்று அந்தப் புத்தகமே சில இடங்களில் வாசகனின் கையைப் பிடித்துக் காட்டுகிறது. முதலாம் அதிகாரத்தின் கடைசி வசனம், ஏழு நட்சத்திரங்கள் ஏழு சபைகளின் தூதர்கள், ஏழு குத்துவிளக்குகள் ஏழு சபைகள் என்று விளக்குகிறது. 17ஆம் அதிகாரம் ஏழு தலைகளை ஏழு மலைகள் என்றும், அந்த ஸ்திரீயை மகா நகரம் என்றும், தண்ணீர்களை ஜனங்கள் என்றும் வாசித்துக்காட்டுகிறது. 11:8இல் சாட்சிகளின் உடல்கள் கிடக்கும் நகரம் சோதோம் என்றும் எகிப்து என்றும் 'ஞானார்த்தமாய்ச் சொல்லப்படும்' என்று வருகிறது. ஞானார்த்தம் எவ்வளவு அழகான சொல்! இன்றைக்கு வழக்கொழிந்துவிட்ட அந்தச் சொல்லைப் பழைய மொழிபெயர்ப்பாளர்கள் மிகச் சரியான இடத்தில் வைத்திருக்கிறார்கள். கர்த்தர் சிலுவையில் அறையப்பட்ட நகரம் வரைபடத்தில் எருசலேம். அதன் நடத்தையைப் பார்த்தால் சோதோம்.

அளவுகளைப் பாருங்கள். 21ஆம் அதிகாரத்தில் தேவதூதன் பொற்கோலால் புதிய எருசலேமை அளக்கிறான். நீளமும் அகலமும் உயரமும் சமம். ஒவ்வொன்றும் பன்னீராயிரம் ஸ்தாதி. இன்றைய கணக்கில் ஏறத்தாழ 2,200 கிலோமீட்டர். சர்வதேச விண்வெளி நிலையம் சுற்றிவரும் உயரம் சுமார் 400 கிலோமீட்டர்தான் என்பதை நினைத்துக்கொண்டால் அந்த உயரம் பிடிபடும். அடுத்த வசனத்தில் மதிலை அளக்கிறான்: நூற்றுநாற்பத்துநான்கு முழம், அதாவது ஏறத்தாழ 65 மீட்டர். பத்து மாடிக் கட்டடம் ஒன்றுக்கு ஒரு மில்லிமீட்டரில் சுற்றுச்சுவர் எழுப்பினால் எப்படியிருக்குமோ, அந்த விகிதம். அது மதிலின் உயரமா கனமா என்று உரையாசிரியர்கள் வாதாடியிருக்கிறார்கள். எதுவாக இருந்தாலும் விகிதம் மாறப்போவதில்லை. இந்தப் புத்தகத்தை எழுதிய யோவானுக்குக் கணக்குத் தெரியாது என்று நான் நினைக்கவில்லை. பன்னிரண்டை ஆயிரத்தால் பெருக்கினால் பன்னீராயிரம். பன்னிரண்டைப் பன்னிரண்டால் பெருக்கினால் நூற்றுநாற்பத்துநான்கு. அந்த நகரத்தின் வாசல்களில் பன்னிரண்டு கோத்திரங்களின் பெயர்கள், அஸ்திபாரங்களில் பன்னிரண்டு அப்போஸ்தலரின் பெயர்கள். நீளம், அகலம், உயரம் மூன்றும் சமமாக இருக்கும் இன்னோர் இடம் வேதாகமத்தில் உண்டு: 1 இராஜாக்கள் 6:20 விவரிக்கும், சாலொமோன் கட்டிய ஆலயத்தின் மகா பரிசுத்த ஸ்தலம், பக்கத்துக்கு இருபது முழம். ஆண்டுக்கொரு முறை பிரதான ஆசாரியன் ஒருவன் மட்டும் நுழைந்த அந்த அறை ஒரு நகரமாக விரிந்து, அதில் எல்லா ஜாதியாரும் குடியிருக்கிறார்கள் என்பதுதான் காட்சி. கிலோமீட்டராக மாற்றிய நொடியிலேயே அந்த எண் யோவான் கொடுத்த பொருளை இழந்துவிடுகிறது.

ஓரக்குறிப்பு எழுதிய காலத்தில் நான் கவனிக்காமல் போனது இன்னொன்று. 13ஆம் அதிகாரத்தின் இறுதியில், வலது கையிலாவது நெற்றியிலாவது மிருகத்தின் முத்திரை இல்லாதவன் கொள்ளவும் விற்கவும் கூடாது என்று வருகிறது. பார்கோடும் சிப்பும் அங்கிருந்துதான் முளைத்தன. ஆனால் அடுத்த அதிகாரத்தின் முதல் வசனத்திலேயே ஆட்டுக்குட்டியானவர் சீயோன் மலையின்மேல் நிற்கிறார். அவரோடு நிற்கும் இலட்சத்து நாற்பத்துநாலாயிரம் பேருடைய நெற்றிகளில் அவருடைய பிதாவின் நாமம் எழுதப்பட்டிருக்கிறது. இடையில் இருப்பது அதிகாரப் பிரிவு மட்டுமே. அதுவும் இடைக்காலத்தில் யாரோ போட்டது. நெற்றியில் எழுதப்பட்ட பிதாவின் நாமத்தைப் பச்சைகுத்து என்று விளக்கிய ஒருவரையும் நான் சந்தித்ததில்லை. அது சொந்தம், விசுவாசம், அடையாளம் என்று எல்லோரும் எளிதாக ஒத்துக்கொள்வார்கள். பத்து வினாடிக்கு முன் வாசித்த மற்ற நெற்றியில் மட்டும் எப்படி மின்னணுச் சில்லு வந்தது? கையிலும் நெற்றியிலும் என்ற சேர்க்கையே உபாகமம் 6:8இலிருந்து வருகிறது. தேவனுடைய வார்த்தையை அடையாளமாகக் கையின்மேல் கட்டவும், கண்களுக்கு நடுவே ஞாபகக்குறியாக வைக்கவும் சொன்ன இடம் அது. மிருகம் தேவனுக்குரிய இடத்தைத் திருடிக்கொள்கிறது என்பதை அந்த வசனத்தை அறிந்த வாசகன் உடனே பிடித்துக்கொள்வான்.

மிருகத்தின் இலக்கமாக அதே 13ஆம் அதிகாரம் சொல்லும் 666 என்ற எண்ணுக்கும் இதே கதி நேர்ந்தது. 'புத்தியுடையவன் கணக்குப்பார்க்கக்கடவன்' என்று வசனம் அழைக்கிறது. எழுத்துகளையே எண்களாகவும் பயன்படுத்திய காலம் அது. ரோமப் பேரரசன் நீரோ சீசரின் பெயரை, 'நேரோன் கைசர்' என்ற கிரேக்க வடிவத்தின்படி எபிரெய எழுத்துகளில் எழுதிக் கூட்டினால் 50, 200, 6, 50, 100, 60, 200, மொத்தம் 666. லத்தீன் வடிவத்தின்படி நேரோனின் கடைசி 'ன்' எழுத்தைவிட்டால் ஐம்பது குறைந்து 616 ஆகும். வியப்பு என்னவென்றால், சில பழைய கையெழுத்துப் பிரதிகளில் 616 என்றே இருக்கிறது. எகிப்தின் ஆக்சிரிங்கஸில் கிடைத்த ஒரு பாப்பிரஸ் துண்டும் அவற்றில் ஒன்று. இந்த விளக்கத்திலும் ஓட்டை உண்டு. கிரேக்கம் பேசிய சபைகளுக்கு எழுதியவர் ஏன் எபிரெயத்தில் கணக்குப் போடச் சொல்ல வேண்டும்? ஏறத்தாழ கி.பி. 180இல் எழுதிய ஐரேனியஸ் என்ற ஆயர் இந்த எண்ணைப் பற்றி விரிவாகப் பேசுகிறார். 616 என்ற பாடம் இருப்பதையும் குறிப்பிட்டு அதைப் பிழை என்கிறார். ஆனால் நீரோவின் பெயரைச் சொல்வதே இல்லை. எண்ணுக்குப் பொருந்தும் சில பெயர்களை அடுக்கிவிட்டு, அவற்றில் ஒன்று பொருத்தமாகத் தோன்றுகிறது என்றும் சொல்லிவிட்டு, ஆனாலும் இப்போதே பெயரை அறிவிப்பது அவசியமாயிருந்தால் தரிசனம் கண்டவரே அறிவித்திருப்பார் என்று நிறுத்திக்கொள்கிறார். அந்த நிதானத்தின் நூறில் ஒரு பங்கு இருந்திருந்தாலும் என் பக்க ஓரம் சுத்தமாக இருந்திருக்கும்.

ஐரேனியஸ் அடையாளப் பொருள் கட்சியைச் சேர்ந்தவர் அல்லர் என்பதையும் சொல்ல வேண்டும். வெளிப்படுத்தின விசேஷம் 20ஆம் அதிகாரம் சொல்லும்படி கிறிஸ்து பூமியில் ஆயிரம் ஆண்டு நேராகவே அரசாளுவார் என்று நம்பியவர்களில் அவரும் ஒருவர். அவருக்கு முன் யுஸ்தீன் மார்ட்டியரும் அப்படியே நம்பினார். ஆனால் யுஸ்தீன் அதே மூச்சில், தூய்மையான பக்தியுள்ள கிறிஸ்தவர்கள் பலர் இதை வேறுவிதமாக எண்ணுகிறார்கள் என்றும் எழுதினார். இரண்டாம் நூற்றாண்டிலேயே இரு தரப்பும் இருந்தன; ஒருவரை ஒருவர் சகோதரர் என்று அழைக்கவும் முடிந்தது.

மூன்றாம் நூற்றாண்டில் எகிப்தில் நடந்த ஒரு சம்பவத்தைச் சபை வரலாற்றாசிரியர் யூசேபியஸ் பதிவு செய்திருக்கிறார். இந்த வரலாறு முழுவதிலும் எனக்கு மிகவும் பிடித்த பக்கம் அது. நேப்போஸ் என்ற ஆயர், உருவகப் பொருள் கொள்கிறவர்களை மறுத்து ஒரு நூல் எழுதினார். அர்சினோயே பகுதியில் அது வேரூன்றி, சபைகள் இரண்டுபட்டன. நேப்போஸ் இறந்த பிறகு, அலெக்சாந்திரியாவின் ஆயர் தியோனீசியஸ் அங்கே நேரில் போனார். கிராமத்துச் சபைகளின் மூப்பர்களையும் போதகர்களையும் கூட்டி, அந்த நூலை நடுவில் வைத்துக்கொண்டு, மூன்று நாள் காலைமுதல் மாலைவரை உட்கார்ந்து பேசினார். அவர்கள் கேள்விகளை ஒழுங்காகக் கேட்டதையும், சொன்னதையே பிடித்துக்கொண்டு நிற்காமல் நியாயம் தெரிந்தபோது ஒப்புக்கொண்டதையும் அவர் மெச்சி எழுதுகிறார். இறுதியில் அந்தப் போதனைக்குத் தலைமை தாங்கிய கொராக்கியன் என்பவர் தன் கருத்தை விட்டுவிட்டார். மறுக்கப்பட்ட நேப்போஸைப் பற்றிக்கூடத் தியோனீசியஸ் அன்போடு பேசுகிறார். அவருடைய விசுவாசத்தையும் பாடல்களையும் புகழ்கிறார். வெளிப்படுத்தின விசேஷத்தைப் பற்றித் தம் நிலை என்ன என்று கேட்டால், அதைத் தள்ளத் துணியமாட்டேன், அது என் அறிவுக்கு மேற்பட்டது என்கிறார். இறுதிக்காலத்தைப் பற்றி நான் கேட்ட விவாதங்களில் மூன்று மணி நேரம்கூட இப்படி ஒன்று நடந்ததில்லை.

அதற்குப் பின் மேற்கத்திய சபையில் வழக்கைத் திருப்பியவர் அகஸ்தீன் என்ற ஆயர். தாமும் ஒரு காலத்தில் ஆயிரவருட அரசாட்சியை நம்பியதாக 'தேவனுடைய நகரம்' நூலின் இருபதாம் புத்தகத்தில் அவரே சொல்கிறார். பத்தைப் பத்தால் பெருக்கி, மீண்டும் பத்தால் பெருக்கினால் ஆயிரம். அது நிறைவைக் குறிக்கும் எண். அந்த ஆயிரம் ஆண்டு சாத்தான் கட்டப்பட்டிருப்பது கிறிஸ்துவின் முதலாம் வருகையிலிருந்து நடக்கும் சபையின் காலம் என்று அவர் வாசித்தார். பிரிந்துபோன டோனாத்திய சபையைச் சேர்ந்த திக்கோனியஸ் என்பவரின் விளக்கம் அவருக்கு வழிகாட்டியது. எதிர்த்தரப்பு ஆளிடமிருந்து கற்றுக்கொள்ள அவர் வெட்கப்படவில்லை. ஆயிரம் ஆண்டுக்கும் மேலாக இந்த வாசிப்பே மேற்கில் ஆட்சி செய்தது. கத்தோலிக்கரும் லூத்தரும் கால்வினும் பல விஷயங்களில் மோதிக்கொண்டாலும், பூமியில் ஓர் ஆயிரவருடப் பொற்காலத்தை எதிர்பார்க்காததில் ஒத்திருந்தார்கள்.

எழுத்தின்படியான வாசிப்பு என்று இன்று பரவியிருப்பது பெரும்பாலும் ஐரேனியஸின் நேரடி வாரிசு அல்ல என்பதை அறிந்தபோது எனக்கு அதிர்ச்சியாக இருந்தது. சபைக்கும் இஸ்ரவேலுக்கும் தனித்தனித் திட்டங்கள், உபத்திரவ காலத்துக்கு முன் விசுவாசிகளை எடுத்துக்கொள்ளும் ஓர் இரகசிய வருகை, ஏழு ஆண்டு உபத்திரவம், அதன்பின் பகிரங்க வருகை என்ற அமைப்பு, 19ஆம் நூற்றாண்டில் ஜான் நெல்சன் டார்பி என்ற பிளிமத் சகோதரர் சபைப் போதகரின் கையில் உருப்பெற்றது. 1909இல் வெளிவந்த ஸ்கோஃபீல்டு விளக்க வேதாகமம் அதை வசனங்களுக்கு அடியிலேயே அச்சிட்டுக் கொடுத்தது. ஒரே பக்கத்தில், ஒரே மையில் வேதவசனமும் விளக்கமும் இருந்தால், சில ஆண்டுகளில் எது எது என்று வாசகனுக்கு மறந்துவிடும். தானியேல் 9ஆம் அதிகாரத்தின் எழுபது வாரங்களை அந்த முறையில் கணக்கிடுவதைப் பாருங்கள். அறுபத்தொன்பது வாரங்களை நாள் கணக்காகவே எண்ணுவார்கள்: ஒரு வாரம் ஏழு ஆண்டு என்று கொண்டு 69ஐ ஏழால் பெருக்கி, ஆண்டுக்கு 360 நாள் வைத்து, 1,73,880 நாள் என்று துல்லியமாகச் சொல்வார்கள். அறுபத்தொன்பதாம் வாரம் முடிந்ததும் கடிகாரம் நின்றுவிடும். இரண்டாயிரம் ஆண்டு கடந்தும் எழுபதாம் வாரம் தொடங்காது. அந்த இடைவெளியை வசனத்தில் எங்கே தேடினாலும் கிடைக்காது. ஒரு நாள்கூடப் பிசகாமல் எண்ணியவர்கள், இருபது நூற்றாண்டுகளை அடைப்புக்குறிக்குள் போட்டுவிட்டு நகர்கிறார்கள்.

வில்லியம் மில்லரின் கதையிலும் இதே பின்னல்தான். அமெரிக்க விவசாயியான அவர் தானியேல் 8:14இன் 2,300 நாள்களை 2,300 ஆண்டுகள் என்று கொண்டார்; பரிசுத்த ஸ்தலம் என்பதைப் பூமி என்று கொண்டார்; கி.மு. 457இலிருந்து எண்ணினார். அவருடைய இயக்கம் இறுதியில் 1844 அக்டோபர் 22 என்ற நாளுக்கு வந்து நின்றது. நாள் ஆண்டாவதும் ஸ்தலம் பூமியாவதும் அடையாளப் பொருள்தான். இரண்டு அடையாளங்களைக் கூட்டினால் விடையாக நாட்காட்டித் தேதி ஒன்று வந்தது. அந்த நாள் விடிந்தது, முடிந்தது. 'பெரும் ஏமாற்றம்' என்று வரலாறு அதைக் குறிக்கிறது. எஞ்சியவர்களில் ஒரு பிரிவினர், தேதி சரி, சுத்திகரிக்கப்பட்டது பரலோகத்தின் பரிசுத்த ஸ்தலம் என்று விளக்கினார்கள். ஏழாம்நாள் அட்வெந்து சபை அங்கிருந்துதான் வளர்ந்தது. அந்த இரவு முழுவதும் விழித்திருந்து ஏமாந்தவர்களைப் பார்த்துச் சிரிக்க என்னால் முடியாது. பார்கோடு என்று எழுதியபோது நானும் அதே ஆவலில்தான் எழுதினேன்.

இரகசிய வருகையைப் பற்றி ஒரு நினைவு. பத்து வயதிருக்கும். பள்ளியிலிருந்து திரும்பியபோது வீடு திறந்து கிடந்தது; உள்ளே ஒருவரும் இல்லை. கூப்பிட்டுப் பார்த்தேன், பதில் இல்லை. எல்லோரும் எடுத்துக்கொள்ளப்பட்டுவிட்டார்கள், நான் மட்டும் கைவிடப்பட்டேன் என்று நடுங்கியபடி, நடைக்கல்லில் உட்கார்ந்து நான் செய்த பாவங்களை ஒவ்வொன்றாக எண்ணத் தொடங்கினேன். கால் மணி நேரத்தில் அம்மா அடுத்த வீட்டிலிருந்து வந்து, ஏன் அழுகிறாய் என்று கேட்டார். காரணத்தைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இப்படி ஒரு நாளைக் கடந்த பிள்ளைகள் பல சபைகளில் உண்டு என்பது பின்னால் தெரிந்தது.

அந்தப் போதனை முக்கியமாகச் சாய்ந்திருக்கும் வசனம் 1 தெசலோனிக்கேயர் 4:17. 'கர்த்தருக்கு எதிர்கொண்டுபோக' மேகங்கள்மேல் ஆகாயத்தில் எடுத்துக்கொள்ளப்படுவோம் என்பது அதன் வாக்கு. எதிர்கொண்டுபோதல் என்றால் என்ன என்று தமிழருக்கு விளக்க வேண்டியதில்லை. பெரியவர் ஒருவர் வருகிறார் என்றால் எல்லைவரை போய் வரவேற்று உள்ளே அழைத்துவருவது அது. எதிர்கொள்ளப் போனவர்கள் வந்தவரோடு அவர் வந்த வழியே புறப்பட்டுப் போய்விடுவதில்லை. மூலத்திலுள்ள கிரேக்கச் சொல்லும் நகரத்தார் வெளியே வந்து அரசனை வரவேற்பதற்கு வழங்கியதுதான். அப்போஸ்தலர் 28:15இல் பவுல் வருவதைக் கேள்விப்பட்ட ரோமாபுரிச் சகோதரர் அப்பியுபுரம்வரையிலும் மூன்று சத்திரம்வரையிலும் எதிர்கொண்டுவருகிறார்கள். பிறகு எல்லோரும் ரோமாபுரிக்குத்தான் போகிறார்கள். மணவாளனுக்கு எதிர்கொண்டுபோன கன்னிகைகளில் ஆயத்தமாயிருந்தவர்களும் அவரோடு கலியாண வீட்டுக்குள்தான் பிரவேசித்தார்கள். இந்தச் சொல்லை வைத்து மட்டும் முழு வழக்கையும் முடித்துவிட முடியாது. ஆனால் ஆரவாரமும் பிரதான தூதனுடைய சத்தமும் தேவ எக்காளமும் சேர்ந்து முழங்கும் ஒரு வருகையை இரகசியம் என்று எப்படி அழைத்தோம் என்பது இன்றும் எனக்கு விளங்காத புதிர்.

இன்னொரு சொல்லில் நம் மொழிபெயர்ப்பு நம்மைச் சற்றுத் தடுமாற வைக்கிறது. இவையெல்லாம் சம்பவிக்கும் முன்னே 'இந்தச் சந்ததி ஒழிந்துபோகாது' என்று மத்தேயு 24:34 சொல்கிறது. சந்ததி என்றால் வம்சம் என்றும் படும். ஆகவே யூத இனம் அழியாது என்று பொருள் சொல்லிக் கடந்துவிட முடிகிறது. ஆனால் ஓர் அதிகாரத்துக்கு முன், இவையெல்லாம் இந்தச் சந்ததியின்மேல் வரும் என்று இயேசு பரிசேயரிடம் சொன்னபோது, அது முன்னே நின்ற தலைமுறைதான் என்பதில் எவருக்கும் ஐயமில்லை. கி.பி. 70இல், அந்தப் பேச்சுக்கு ஏறத்தாழ நாற்பது ஆண்டுக்குள், ரோமப் படை எருசலேமை அழித்து ஆலயத்தை எரித்தது. அப்படியானால் சூரியன் அந்தகாரப்பட்டு நட்சத்திரங்கள் விழுந்தது எப்போது என்று கேட்பார்கள். ஏசாயா 13ஐ வாசித்தால், நட்சத்திரங்கள் ஒளி கொடாமலும் சூரியன் இருண்டும் போவது பாபிலோனின் வீழ்ச்சிக்காகச் சொல்லப்பட்டது. மேதியரை எழுப்புவேன் என்று அதே அதிகாரம் பெயர் சொல்கிறது. எசேக்கியேல் 32 எகிப்தின் பார்வோனுக்காக வானத்து ஜோதிகளை இருட்டாக்குகிறது. ஒரு பேரரசு கவிழ்ந்தால் வானமே இடிந்து விழுந்தது என்று பேசுவது அந்தத் தீர்க்கதரிசிகளின் நடை. இடி விழுந்த செய்தி என்று நாமும் சொல்கிறோம்; வானிலை அறிக்கை கேட்பதில்லை.

இவ்வளவும் சொல்லிவிட்டு, நான் அடையாளப் பொருள் தரப்பில் சுகமாகப் போய் உட்கார்ந்துவிட்டேன் என்று எண்ண வேண்டாம். அங்கேயும் ஒரு நோய் உண்டு. எல்லாவற்றையும் அடையாளம் என்று சொன்னபின், மிருகம் 'தீமையின் சக்தி'யாகவும், மகா பாபிலோன் 'உலகப்பற்று'ஆகவும், புதிய எருசலேம் 'மனநிறைவு'ஆகவும் கரைந்து, ஒருவரையும் தொடாத பொதுப் பேச்சாக முடிவதைப் பல பிரசங்கங்களில் கேட்டிருக்கிறேன். யோவான் எழுதியது ஆசியாவின் ஏழு சபைகளுக்கு. பெர்கமுவில் அந்திப்பா என்ற ஒருவர் ஏற்கெனவே கொல்லப்பட்டிருந்தார். 18ஆம் அதிகாரத்தில் பாபிலோனின் வியாபாரிகள் வாங்குவாரில்லையே என்று அழும் சரக்குப் பட்டியல் பொன், வெள்ளி என்று தொடங்கி மனுஷருடைய ஆத்துமாக்களில் முடிகிறது. ரோமப் பேரரசின் அடிமைச் சந்தையை அறிந்தவர் எழுதிய பட்டியல் அது. அடையாளத்துக்குப் பின்னால் இரத்தமும் சதையுமான ஒரு பேரரசு இருந்தது. அதை மறந்த அடையாள வாசிப்பைவிட, மிருகத்தை ஏதோ ஓர் ஆட்சியாளரோடு ஒப்பிட்டுத் தவறிப்போன என் பள்ளிக்கால வாசிப்பு ஒரு விதத்தில் மூலத்துக்கு நெருக்கமானது.

20ஆம் அதிகாரத்தின் நான்காம், ஐந்தாம் வசனங்கள் இன்னும் கடினமானவை. சிரச்சேதம் செய்யப்பட்டவர்கள் உயிர்த்துக் கிறிஸ்துவோடு ஆயிரம் வருஷம் அரசாண்டார்கள். மற்றவர்கள் அந்த ஆயிரம் வருஷம் முடியும்வரை உயிரடையவில்லை என்று வருகிறது. கிரேக்கத்தில் இரண்டு இடத்திலும் ஒரே வினைச்சொல். முதலாவதை ஆத்துமா மறுபிறப்படைவது என்றும், இரண்டாவதைச் சரீர உயிர்த்தெழுதல் என்றும் அகஸ்தீனைப் பின்பற்றி வாசிக்கிறோம். ஒரே வாக்கியத் தொடரில், ஒரு வரி இடைவெளியில், ஒரே சொல்லுக்கு இரண்டு பொருள் கொள்ள என்ன உரிமை என்று மறுதரப்பார் கேட்டால், யோவான் சுவிசேஷத்தின் ஐந்தாம் அதிகாரத்தைக் காட்டுவோம். இப்பொழுதே ஜீவனடைகிறவர்களையும் பிறகு கல்லறைகளிலிருந்து புறப்படுகிறவர்களையும் இயேசு அங்கே அடுத்தடுத்துப் பேசுகிறார். நல்ல பதில்தான். ஆனால் கொம்பை நாடு என்று வாசித்தவர்களிடம் நான் கேட்ட கேள்வியை இங்கே அவர்கள் என்னிடம் திருப்பிக் கேட்கலாம். அங்கே இரண்டு பொருள்களையும் பிரித்துக்காட்டும் சொற்கள் வசனத்திலேயே இருக்கின்றன; இங்கே இல்லை. ஆயிரம் என்பது நிறைவின் எண் என்பதில் எனக்குத் தயக்கம் இல்லை. முதலாம் உயிர்த்தெழுதலில் இருக்கிறது.

சென்ற வருடம் அந்தப் பழைய வேதாகமத்தின் கட்டு பிரிந்ததால் புதிதாகத் தைக்கக் கொடுத்தேன். கொடுப்பதற்கு முந்தின இரவு ரப்பரை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். தலைவரின் பெயர், பார்கோடு, சிப், பத்துக் கொம்பு எல்லாவற்றையும் அழித்தேன்; அழுத்தி எழுதியிருந்ததால் காகிதத்தில் தடம் இன்னும் தெரிகிறது. 20:4க்கு எதிரே, எப்போது போட்டேன் என்றே நினைவில்லாத ஒரு கேள்விக்குறி இருந்தது. அதை அழிக்கவில்லை.